கொரியாவும் சீனாவும்: பண்பாட்டை ஒப்பிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொரியத் தொடர்கள் தமிழ் வீடுகளுக்குள் வந்ததிலிருந்து இந்தக் கேள்விகளும் கூடவே வந்துவிட்டன. பார்ப்பவர்களுக்கு இரண்டு நாடும் ஒன்றுபோலத் தெரிகிறது. இணையத்திலோ அந்த இரண்டு நாட்டுக்காரர்களும் கிம்ச்சி முதல் உடை வரை எல்லாவற்றுக்கும் அடித்துக்கொள்கிறார்கள். இங்கே கொரியா என்றால் பெரும்பாலும் தென்கொரியா. வடகொரியாவைப் பற்றிச் சொல்லும்போது தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கொரியப் பண்பாடு சீனப் பண்பாட்டின் ஒரு கிளைதானே?

எழுத்து, அரசாங்க அமைப்பு, கன்பூசியஸ் வழிவந்த அறநெறியான கன்பூசியம், சந்திர நாட்காட்டி எல்லாம் சீனாவிலிருந்து போனவை. பௌத்தமும் பெருமளவு சீனா வழியாகவே கொரியாவுக்குப் போனது. இதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. பழைய கொரியப் புலவர்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டதுதான். ஆனால் ‘கிளை’ என்று சொல்லிவிட்டால் இரண்டு விஷயங்கள் கண்ணில் படாமல் போகும். ஒன்று, மொழி வேறு, வீடு வேறு, சாப்பாடு வேறு. இன்னொன்று, கொரியா வாங்கிக்கொண்ட பலவற்றைச் சீனா பின்னாளில் கைவிட்டது, கொரியா விடவில்லை. 1116இல் சீனாவின் சோங் அரசமரபைச் சேர்ந்த பேரரசர் ஹுயிசோங் தன் அரசவைச் சடங்கு இசையையும் அதற்கான கருவிகளையும் அன்று கொரியாவை ஆண்ட கொர்யோ மரபின் அரசருக்கு அனுப்பிவைத்தார். அந்த மரபின் தொடர்ச்சியை இன்று கேட்க வேண்டுமானால் சியோலில் உள்ள கன்பூசியஸ் கோயிலுக்குப் போக வேண்டும். சீனாவில் அது அறுந்துபோயிற்று.

இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா?

வைக்கும்போது அளவை மறக்கக் கூடாது. சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் மட்டும் 2020 கணக்கெடுப்பின்படி 12 கோடிக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். இரண்டு கொரியாக்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட எட்டுக் கோடி. ஏறக்குறைய தமிழ்நாட்டின் அளவு. சீனாவில் அரசு ஏற்றுக்கொண்ட இனங்கள் 56. வடக்கே கோதுமை, தெற்கே அரிசி. பெய்ஜிங்காரர் பேசுவது, தெற்கே பேசும் கான்டனீஸ் மட்டுமே தெரிந்த கிழவிக்குப் புரியாது. கொரியாவிலும் வட்டார வழக்குகள் உண்டு, ஜேஜு தீவின் பேச்சைத் தனி மொழி என்றே சொல்பவர்களும் உண்டு. ஆனாலும் ஒப்பீட்டளவில் அது ஒரே மொழி பேசும் ஒரே மக்கள். ‘சீனர்கள் இப்படித்தான்’ என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் (இந்தப் பக்கத்தில் உள்ளதையும் சேர்த்து) கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள்.

எழுத்துகள் ஒரே மாதிரி இருக்கின்றனவே?

தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். சீன எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பொருளைச் சுமக்கும். ஆயிரக்கணக்கில் மனப்பாடம் செய்ய வேண்டும். கொரியர்களின் ஹங்குல் ஒலியெழுத்து: அடிப்படை மெய் 14, உயிர் 10. அவற்றை ஒரு கட்டத்துக்குள் அடுக்கி அசையாக எழுதுவதால்தான் சீன எழுத்துப் போன்ற தோற்றம். நம் ‘கி’, ‘கொ’ எழுதுவது போல மெய்யையும் உயிரையும் சேர்த்து ஓர் அசையாக்கும் முறை என்பதால், தமிழர்கள் ஓரிரு வாரத்தில் வாசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

அதை உருவாக்கியவர் அரசர் செஜோங். 1443இல் முடித்து 1446இல் வெளியிட்டார். நம் பேச்சு சீனப் பேச்சிலிருந்து வேறுபட்டது, அந்த எழுத்தை வைத்துச் சாதாரண மக்கள் தங்கள் மனத்திலிருப்பதைச் சொல்ல முடியவில்லை என்று காரணமும் எழுதினார். இதைவிடச் சுவையானது அவருக்குக் கிளம்பிய எதிர்ப்பு. 1444இல் சோ மன்ரி என்ற அரசவைப் புலவரும் கூட்டாளிகளும் மனுக்கொடுத்தார்கள்: சீன எழுத்தை விட்டுத் தனி எழுத்து வைத்துக்கொள்வது மங்கோலியரும் ஜப்பானியரும் செய்கிற காரியம், நாமும் காட்டுமிராண்டிகள் ஆவோம் என்பது அவர்கள் வாதம். அரசர் கேட்கவில்லை. ஆனால் படித்தவர்கள் அதற்குப் பிறகும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் சீன எழுத்திலேயே எழுதினார்கள். அரசு ஆவணங்களுக்கு ஹங்குல் வந்தது 1894இல்தான். இன்று தென்கொரியாவில் அக்டோபர் 9 ஹங்குலுக்கென்றே விடுமுறை நாள்.

ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியுமா?

புரியாது. சீன மொழியில் சுரம் மாறினால் பொருள் மாறும், வினைச்சொல் நடுவில் வரும். கொரியத்தில் நம் தமிழ் போலவே எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை. விகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் கொரிய அகராதியில் பாதிக்கும் மேல் சீன வேர்ச்சொற்கள்தான், குறிப்பாகச் சட்டம், கல்வி, மருத்துவம் சார்ந்தவை.

இந்தக் கலப்பைக் கடிகாரத்திலேயே கேட்கலாம். கொரியர்கள் மணியைத் தங்கள் சொந்த எண்களால் சொல்வார்கள், நிமிடத்தைச் சீன எண்களால். வயதுக்குப் பேச்சில் சொந்த எண், பணத்துக்குச் சீன எண். கற்றுக்கொள்பவர்களின் தலையைச் சுற்றவைக்கும் இடம் இது.

கன்பூசியம் பிறந்தது சீனாவில். கொரியாவில் ஏன் அதிகமாகத் தெரிகிறது?

இரண்டு காரணங்கள், இரண்டும் அரசியல்.

1392இல் ஜோசன் அரசமரபு ஆட்சிக்கு வந்தபோது பௌத்த மடங்களின் செல்வாக்கை ஒடுக்கியது. 12ஆம் நூற்றாண்டுச் சீனச் சிந்தனையாளர் ஜூ ஷி வகுத்த கன்பூசியத்தை அரசின் கொள்கையாகவே ஆக்கியது. 1910 வரை, ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல், அதே மரபு, அதே கொள்கை. திருமணம், துக்கம் காப்பது, சொத்துப் பிரிப்பது வரை புத்தகத்தைப் பார்த்து மாற்றினார்கள். அதற்கு முன் கொரியாவில் மகள்களுக்கும் சொத்தில் சம பங்கு இருந்தது. மணமகன் பெண் வீட்டில் போய்த் தங்கும் வழக்கமும் இருந்தது. 17ஆம் நூற்றாண்டு வாக்கில் எல்லாம் மூத்த மகன் பக்கம் சாய்ந்துவிட்டது. ‘ஆதிகாலக் கொரிய மரபு’ என்று தொடர்களில் காட்டும் கெடுபிடி மாமியார் வீடு உண்மையில் சில நூற்றாண்டுக் கதை.

இதற்கு நடுவே 1644இல் மிங் ஆட்சி வீழ்ந்து மஞ்சூரியர்கள் சீனாவைப் பிடித்தார்கள். கொரியப் புலவர்கள் பார்வையில் சீனா காட்டுமிராண்டிகள் கைக்குப் போய்விட்டது; நாகரிகத்தின் மிச்சம் இனி நாம்தான் என்று நினைத்தார்கள். 1704இல் சியோல் அரண்மனை வளாகத்துக்குள்ளேயே செத்துப்போன மிங் பேரரசர்களுக்குப் பலிபீடம் கட்டினார்கள். வெளியே மஞ்சூரியர்களின் சிங் பேரரசுக்குக் கப்பம் அனுப்பிக்கொண்டே, உள்ளே மிங் ஆண்டுக்கணக்கைத் தொடர்ந்து எழுதினார்கள். அசலைவிட அசலாக இருக்க முயன்றவர்கள் என்று நான் அவர்களைச் சொல்வேன்.

இரண்டாவது காரணம் 20ஆம் நூற்றாண்டு. சீனாவில் 1966இல் மாவோவின் இளைஞர் படையினரான செங்காவலர்கள் கன்பூசியஸின் ஊரான சூஃபூவுக்கே போய்க் கல்லறைகளை உடைத்தார்கள். 1973 வாக்கில் கன்பூசியஸை விமர்சிக்கும் இயக்கமே நடந்தது. பிற்பாடு அரசு அவரைத் திரும்ப அழைத்து மரியாதை செய்தது, ஆனால் வீட்டுச் சடங்குகளில் பலவற்றின் தொடர்ச்சி அதற்குள் விட்டுப்போயிருந்தது. தென்கொரியாவில் அப்படி ஓர் அறுபடல் நேரவில்லை.

கொரியர்கள் பார்த்தவுடன் வயதைக் கேட்பது ஏன்?

வாக்கியத்தை முடிக்க வேண்டுமே! எதிரில் இருப்பவர் மூத்தவரா இளையவரா என்று தெரியாமல் வினைச்சொல்லுக்கு விகுதி போட முடியாது. ஒரே ஒரு வயது வித்தியாசம்கூடப் பேச்சை மாற்றும். நம் ஊர் ‘வா’, ‘வாங்க’ போல, ஆனால் இன்னும் பல படிகள். சீனத்தில் மரியாதைக்கு ஒரு தனி ‘நீங்கள்’ உண்டு. அதற்கு மேல் வினையில் ஒன்றும் மாறாது. இன்றைய நகரத்துச் சீனர்கள் பேச்சில் கொரியர்களைவிட நேரடியானவர்களாகத் தோன்ற இதுவும் ஒரு காரணம்.

உறவுமுறையில் நிலைமை தலைகீழ். சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று அப்பா வழி, அம்மா வழி, மூத்தவர், இளையவர் எல்லாம் பிரிப்பதில் சீனர்கள் நம்மையே மிஞ்சுவார்கள். கொரியர்களிடம் உள்ள தனித்தன்மை வேறு: அண்ணனைத் தம்பி ஒரு சொல்லால் கூப்பிடுவான், தங்கை வேறு சொல்லால் கூப்பிடுவாள். தொடர் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த ‘ஓப்பா’ பெண்கள் மட்டும் சொல்வது. ஆண் சொன்னால் சிரிப்பார்கள்.

தென்கொரிய ஆண்கள் ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் கட்டாய ராணுவ சேவை செய்கிறார்கள். சீனாவில் அது சட்டத்தில் மட்டும் உண்டு, நடைமுறையில் விரும்பிச் சேர்பவர்களே போதும். கொரிய அலுவலகங்களின் ‘மூத்தவர் சொன்னால் சரி’ என்ற இறுக்கத்துக்குக் கன்பூசியஸை மட்டும் பழி சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். பாதி ராணுவ முகாமிலிருந்து வருகிறது.

தேர்வு வெறி இருவருக்கும் பொதுவா?

பொது, வேரும் ஒன்றுதான். சீன அரசுத் தேர்வு முறையைக் கொரியா 958இல் எடுத்துக்கொண்டது. யோசனை சொன்னவரே சீனாவிலிருந்து வந்து தங்கிய ஒரு அதிகாரி. கொரியாவில் 1894இல், சீனாவில் 1905இல் ஒழித்தார்கள். ஒரு பெரிய வேறுபாடு இருந்தது. சீனாவில் தேர்வு ஏட்டளவிலாவது பெரும்பாலான ஆண்களுக்குத் திறந்திருந்தது. கொரியாவில் யாங்பான் எனப்படும் பிரபுக் குடும்பங்களின் சொத்தாகவே சுருங்கிப்போனது.

இன்று பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு சீனாவில் ஜூன் மாதம், பெயர் காவ்காவ்; கொரியாவில் நவம்பரில், பெயர் சுனுங். 2024 காவ்காவ் எழுதப் பதிந்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். கொரியாவில் எண்ணிக்கை சுமார் ஐந்து லட்சம்தான். ஆனால் ஆங்கிலம் கேட்டுப் பதில் எழுதும் நேரத்தில் விமானங்கள் ஏறவோ இறங்கவோ விடுவதில்லை, பங்குச் சந்தையும் அன்று ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும்.

டியூஷனை ஒழிக்கவும் இருவரும் முயன்றார்கள். தென்கொரியா 1980இல் தடை போட்டது; 2000இல் அரசியல் சாசன நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. சீனா 2021இல், பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் நடத்துவதைத் தடைசெய்தது. கொரிய அனுபவத்தைப் பார்த்தால், இது கதவை மூடினால் ஜன்னல் வழியாக வரும் தொழில்.

திருமணமான பெண்கள் கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்வார்களா?

இரண்டு நாட்டிலும் இல்லை. பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரே கடைசி வரை. கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். ஆகவே எந்த ஊர்க் கிம் என்று குலத்தின் பூர்வீகத்தைச் சொல்லிப் பிரிப்பார்கள். ஒரே குலத்தவர் எவ்வளவு தூரத்து உறவானாலும் மணக்கக் கூடாது என்ற சட்டம் அங்கே 1997 வரை நின்றது. அந்த ஆண்டு நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாது என்றது. நம் கோத்திர வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

சாப்பாட்டு மேசையில் எப்படி வேறுபடுத்துவது?

குச்சியைப் பாருங்கள். சீனக் குச்சி நீளம், மரம் அல்லது மூங்கில். வட்ட மேசையின் நடுவிலிருந்து எடுக்க நீளம் வேண்டும். கொரியக் குச்சி எஃகு, குட்டை, தட்டை. கூடவே ஒரு நீண்ட கரண்டி கட்டாயம் இருக்கும். சோற்றையும் சூப்பையும் கொரியர்கள் கரண்டியால்தான் சாப்பிடுவார்கள். சீனர் கிண்ணத்தைக் கையில் எடுத்து வாயருகே கொண்டுபோவார். கொரியர் வீட்டில் அப்படிச் செய்தால் பாட்டி திட்டுவாள். உலோகக் கிண்ணத்தில் சுடு சோறு இருந்தால் தூக்கவும் முடியாது.

சமையலின் அடிப்படையும் வேறு. சீனாவில் பெரும் தீ, இரும்புச் சட்டி, எண்ணெய். கொரியாவில் கொதிக்கவைப்பது, தணலில் வாட்டுவது, எல்லாவற்றுக்கும் மேலாகப் புளிக்கவைப்பது. சோயா விழுது, மிளகாய் விழுது, கிம்ச்சி என்று மண்ஜாடியில் காலம் செய்யும் சமையல்.

தேநீரில் கொரியா பின்தங்கியது. பௌத்தம் ஒடுங்கியபோது மடங்களோடு தேநீரும் ஒதுங்கியது என்பார்கள். சாதாரணக் கொரிய உணவகத்தில் பார்லி வறுத்துக் காய்ச்சிய தண்ணீர் கிடைக்கும்.

கிம்ச்சி யாருடையது?

கொரியர்களுடையது. ஆனால் சண்டை எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிச்சுவான் மாகாணத்தில் பாவ்சாய் என்று ஓர் ஊறுகாய் உண்டு: காய்களை உப்பு நீரில் மூழ்கவைத்துப் புளிக்கவிடுவது. 2020 நவம்பரில் அதற்குச் சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் தர நெறி வெளியானது. இது கிம்ச்சிக்குப் பொருந்தாது என்று அந்த ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் சீனாவின் ஒரு நாளிதழ், கிம்ச்சித் தொழிலுக்கே சீனா உலகத் தரம் வகுத்துவிட்டது என்ற தொனியில் செய்தி போட, கொரிய இணையம் கொதித்தது. குழப்பத்துக்குக் காரணம், சீனர்கள் கிம்ச்சியையும் பாவ்சாய் என்றே அழைத்துவந்தது. 2021இல் தென்கொரிய அரசு கிம்ச்சிக்குச் சீன மொழியில் ‘சின்ச்சி’ என்று புதுப் பெயரே அறிவித்தது.

செய்முறையைப் பார்த்தால் வழக்கே எழாது. கிம்ச்சியில் முட்டைக்கோஸை உப்பிட்டுக் கழுவி வடித்து, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, புளித்த இறால் அல்லது மீன் சேர்த்த விழுதை ஒவ்வொரு இலையிலும் தடவி வைப்பார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகம் சுற்றி 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வாக்கில்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. அதற்கு முன் கிம்ச்சி சிவப்பாக இருந்ததில்லை. குளிர்காலத்துக்கு முன் ஊரே கூடிக் கிம்ச்சி போடும் வழக்கத்தை யுனெஸ்கோ 2013இல் தென்கொரியா பெயரிலும், 2015இல் வடகொரியா பெயரிலும் பட்டியலிட்டது.

இதில் யாரும் உரக்கச் சொல்லாதது ஒன்று: தென்கொரியா இறக்குமதி செய்யும் கிம்ச்சியில் அநேகமாக எல்லாமே சீனாவில் தயாராவது. மலிவான சியோல் உணவகத்தில் இலவசமாக வைக்கும் கிம்ச்சி ஷாண்டொங் மாகாணத்துத் தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கலாம்.

தொடர்களில் எல்லாரும் சாப்பிடும் அந்தக் கறுப்பு நூடுல்ஸ்?

ஜஜாங்மியோன். 1883இல் இஞ்சோன் துறைமுகம் திறந்த பிறகு ஷாண்டொங்கிலிருந்து வந்து குடியேறிய சீனர்கள் கொண்டுவந்த பண்டம். கொரிய நாக்குக்காக இனிப்பும் கறுப்பும் ஏறி, இன்று பெய்ஜிங்காரருக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டது. இஞ்சோனில் அதற்கு அருங்காட்சியகம் இருக்கிறது.

பண்டிகைகள் ஒரே நாளில் வருகின்றனவே?

நாட்காட்டி ஒன்று, கொண்டாட்டம் வேறு. புத்தாண்டன்று சீனாவில் பட்டாசு, சிவப்பு உறை, வடக்கே என்றால் கொழுக்கட்டை போன்ற டம்ப்ளிங். கொரியாவில் சியோல்லால்: விடிந்ததும் முன்னோருக்குப் படையல், பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி, அரிசி வில்லைகள் போட்ட சூப். அமைதியான வீட்டு விழா. தென்கொரிய அரசு ஜனவரி 1ஐயே புத்தாண்டாக்கப் பல ஆண்டுகள் முயன்று தோற்று, 1989இல்தான் சியோல்லாலின் பெயரையும் மூன்று நாள் விடுமுறையையும் திருப்பிக் கொடுத்தது.

எட்டாம் மாதப் பௌர்ணமி சீனாவில் நிலவுக்கும் மூன்கேக்குக்கும் உரியது. கொரியாவில் அதே நாள் சுசோக், கல்லறையில் புல் வெட்டி முன்னோரை வணங்கும் நாள். சீனர்கள் கல்லறைக்குப் போவது ஏப்ரலில், சிங்மிங் அன்று.

ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள்தான் வம்பு. சீனாவில் அது கவிஞர் சூ யுவான் நினைவாகப் படகுப் போட்டி நடத்தும் நாள். கொரியாவின் காங்நுங் நகரில் அதே நாளையொட்டி மலைத்தெய்வத்துக்குப் பூசை, சாமியாடிச் சடங்கு, முகமூடிக் கூத்து, ஊஞ்சல் எல்லாம் நடக்கும். 2005இல் யுனெஸ்கோ காங்நுங் விழாவை அங்கீகரித்ததும், எங்கள் பண்டிகையைத் திருடிவிட்டார்கள் என்று சீனாவில் கூச்சல். 2009இல் சீன விழாவும் பட்டியலில் ஏறியது. இடையில் ஒரு நல்ல காரியம் நடந்தது: 2008 முதல் சீன அரசு அந்த நாளுக்கும் பொது விடுமுறை விட்டது.

ஹன்போக்கும் ஹன்ஃபூவும் ஒன்றா?

இல்லை. ஹன்போக் கொரியரின் மரபுடை. பெண்கள் ஹன்போக்கில் குட்டையான மேற்சட்டை, மார்பிலிருந்து கூடாரமாக விரியும் பாவாடை. ஹன்ஃபூ என்பது சீனாவின் பெரும்பான்மை இனமான ஹான் மக்கள் பல அரசமரபுகளின் காலத்தில் உடுத்திய உடைகளுக்கான பொதுப்பெயர். பெரும்பாலும் நீண்ட அங்கி, அகன்ற கை, இடுப்பில் கச்சை. சீனாவில் அது நடுவே அறுந்து, இந்த நூற்றாண்டில் இளைஞர்கள் தேடி எடுத்து மீண்டும் உடுத்தத் தொடங்கியது. அறுந்ததற்குக் காரணம் மஞ்சூரிய ஆட்சி: 1645 முதல் ஹான் ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னல் போட வேண்டும், மறுத்தால் தலை போகும். கொரிய ஆண்கள் 1895இல் அரசாணை வரும் வரை தலையுச்சிக் குடுமியோடு இருந்தார்கள். ஆணை வந்ததும் கலகம் செய்தார்கள். திரைப்படங்களில் ‘சீன உடை’ என்று நாம் பார்க்கும் ஒட்டிப்பிடித்த சிபாவ், 1920களின் ஷாங்காயில் உருவான நவநாகரிகம்.

2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஹன்போக் அணிந்த பெண் ஒருவர் சீனாவின் 56 இனங்களில் ஒன்றின் பிரதிநிதியாக வந்தது தென்கொரியாவில் பெரும் கோபத்தைக் கிளப்பியது. எனக்கு இதில் கொரியர்கள் பக்கம் முழுதாகச் சாய முடியவில்லை. சீனாவில் கொரிய இனத்தவர் சுமார் 17 லட்சம் பேர் இருக்கிறார்கள், யான்பியனில் தன்னாட்சிப் பகுதியே உண்டு. அவர்கள் வேறு எதை உடுத்துவார்கள்?

அப்படியானால் இந்தக் கோபத்தின் அடிவேர் என்ன?

கோகுர்யோ. கி.பி. 668 வரை இன்றைய வடகொரியாவிலும் சீனாவின் வடகிழக்கிலும் பரவியிருந்த அரசு. கொரியர்களுக்கு அது தங்கள் மூன்று மூல அரசுகளில் ஒன்று. 2002இல் சீன அரசின் ஆய்வுத் திட்டம் ஒன்று, அதைச் சீனாவின் உள்நாட்டுச் சிறுபான்மை அரசு என்று வரையறுக்க முனைந்தது. 2004இல் யுனெஸ்கோ வடகொரியாவிலுள்ள கோகுர்யோ கல்லறைகளையும் சீனாவிலுள்ளவற்றையும் ஒரே ஆண்டில் தனித்தனியாக அங்கீகரித்து நழுவிக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த ஊறுகாய்ச் சண்டையும் உடைச் சண்டையும் இந்த எல்லைச் சண்டையின் குட்டிகள். 2016க்குப் பின், தென்கொரியாவில் அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பு வைத்ததால் உறவு இன்னும் கசந்தது. கொரியத் தொடர்களும் பாடகர்களும் சீனாவில் சத்தமில்லாமல் காணாமல்போனார்கள்.

கொரியாவில் இத்தனை சர்ச்சுகள் எப்படி?

2015 கணக்கெடுப்பில் புராட்டஸ்டன்டுகள் சுமார் 20 விழுக்காடு, கத்தோலிக்கர் 8, பௌத்தர் 15.5, பாதிக்கு மேல் மதமில்லை என்றவர்கள். விந்தை என்னவென்றால் கிறிஸ்தவமும் சீனா வழியாகவே வந்தது. பெய்ஜிங்கிலிருந்து வந்த புத்தகங்களைப் படித்த புலவர்களில் ஒருவரான யி சுங்ஹுன் 1784இல் அங்கேயே போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். 1791இல் முன்னோர் நினைவுப்பலகையை எரித்த ஒருவரின் தலையை வெட்டும் அளவுக்கு மோதல் முற்றியது. பிற்பாடு ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் சர்ச்சுகள் தேசிய உணர்வோடு சேர்ந்துகொண்டன. சீனாவில் அதே காலத்தில் கிறிஸ்தவத்துக்கு அந்நிய ஆதிக்கத்தின் முகம் இருந்தது.

தமிழுக்கும் கொரியத்துக்கும் உறவு உண்டா?

‘அம்மா’, ‘அப்பா’ ஒலிப்பொற்றுமையை வைத்து எழும் கேள்வி. 1905இலேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. குழந்தைகள் முதலில் எழுப்பும் ஒலிகள் பல மொழிகளில் ஒத்திருக்கும். கடல் தாண்டிக் கொரிய அரசரை மணந்த ஹோ ஹ்வாங்-ஓக் கதை 13ஆம் நூற்றாண்டு நூலில் வருவது. அவரை அயோத்திக்கும் கன்னியாகுமரிக்கும் இழுப்பவர்கள் உண்டு, சான்று இரண்டுக்கும் இல்லை. சீனாவோடு உள்ள உறவுக்குச் சான்று கல்லிலேயே கிடைக்கிறது: சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே தமிழ் வணிகர்கள் கட்டிய சிவன் கோயிலைச் சொல்கிறது.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கொரிய நிறுவனத்தில் வேலை. என்ன கவனிக்க வேண்டும்?

கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு கையால். மூத்தவர் உண்ணத் தொடங்கிய பிறகு நீங்கள் தொடங்குங்கள். மூத்தவர் முன் குடிக்க நேர்ந்தால் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு குடிப்பது வழக்கம். சீனர்களோடு என்றால் திருப்ப வேண்டாம், உங்கள் கோப்பையின் விளிம்பை அவருடையதைவிடத் தாழ்த்தித் தட்டினால் போதும். கொரிய மதுவான சோஜுவில் ஆல்கஹால் பொதுவாக 16, 17 விழுக்காடு. சீன மதுவான பைஜியு பல வகைகளில் ஐம்பதைத் தாண்டும், அளவு பார்த்துக்கொள்ளுங்கள். கோகுர்யோவைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள்.